முகவரி 287: ஒரு கர்னல் பிழை பிடிபட்ட விதம்

போன மீன்பிடித் தடைக்காலத்தில் தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் வீடு நாளுக்கு ஒரு தடவை கடலுக்குள் போய் வந்தது. பெரும்பாலும் தெற்கே, மன்னார் வளைகுடாவுக்குள். ஒரு தடவை நேராக நிலநடுக்கோட்டுக்கே போய்விட்டது. அடுத்த நொடியில் வீடு பழைய இடத்துக்கு வந்துவிடும். திரையில் தெரிகிற ஒரு புள்ளிதான் இப்படித் தாவியது என்றாலும், அதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் முழுக்க எங்கள் சொந்தத் தவறால் போனது. அந்தத் தவறுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அக்கா மகனுக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. சொந்தமாக ஒரு குட்டி கர்னல், அதாவது இயக்க மென்பொருளின் மையப் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை: க்ரப் என்ற துவக்க நிரல் அதை ஏற்றிவிடும், அது திரையில் எழுதும், டைமர் வைத்திருக்கும், சீரியல் போர்ட்டை வாசிக்கும். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அவன் அப்பா, அதாவது என் மச்சான், பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் படகில் இருக்கிற, ஆழம் பார்க்கும் எக்கோவும் ஜிபிஎஸ் மிஷினும் சும்மாதான் கிடக்கும். ஜிபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி மாடியில் வைத்து, பழைய டெஸ்க்டாப்பின் சீரியல் போர்ட்டில் கோத்தோம். ஜூன் 15 காலையில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பேச்சு.

ஜிபிஎஸ் அனுப்புவது என்எம்இஏ 0183 என்ற முறையிலான வரிகள். வேகம் 4800 பாட், அதாவது நொடிக்கு 4800 பிட். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும், 82 எழுத்துக்கு மேல் போகாது, கடைசியில் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண் இருக்கும். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள எழுத்துகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் அந்த எண் வர வேண்டும். எங்கள் அட்சரேகை 0917 என்று தொடங்கும். 9 பாகை 17 நிமிடம் என்று பொருள். கர்னல் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, தேறிய வரியிலிருந்து இடத்தைப் பிரித்து, திரையில் புள்ளி வைப்பது.

எங்கள் தீவில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி உப்புக்காற்றுதான். ஃபேன் சுற்றாவிட்டாலும் உப்பு, டிவி அணைந்தாலும் உப்பு. அதிலும் கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். அதனால் கேபிளை மாற்றினோம். கனெக்டரைக் கழற்றிச் சுரண்டி ஈயம் வைத்தோம். பிறகு இன்னொரு கேபிள். மச்சான் தன் பங்குக்கு, "மோட்டார் ஓடுற லைன்ல போட்டா இப்படித்தான்" என்றார். அதையும் நம்பி வேறு ப்ளக் பாயின்ட்டுக்கு மாறினோம்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. புள்ளி தாவிய ஒவ்வொரு தடவையும் அந்த வரி சரிபார்ப்பில் தேறியிருந்தது. கேபிளில் கோளாறு என்றால் எழுத்து சிதைந்திருக்கும், சரிபார்ப்பு எண் பொருந்தியிருக்காது, வரி வாசலிலேயே தள்ளப்பட்டிருக்கும். உள்ளே வந்த சரக்கு நல்ல சரக்கு. கெட்டது உள்ளே வந்த பிறகுதான். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஊர்ப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

கேபிள் மூன்று மாறியும் புள்ளி தாவியபோது பையன் இணையத்தில் தேடி, நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குத் தருகிற ஒரு விருப்பத்தைப் பிடித்து வந்தான்: '-எம்நோ-ரெட்-ஸோன்'. 64 பிட் கர்னல் கட்டும்போது இதைக் கட்டாயம் போட வேண்டும் என்று பலர் எழுதியிருப்பதாகச் சொன்னான். மேக் என்ற கட்டும் கருவிக்கு நாங்கள் எழுதி வைத்த மேக்ஃபைலில் அது இல்லை. இல்லாததற்குக் காரணம் உண்டு. எங்கள் கர்னல் முதலில் 32 பிட்டில் பிறந்தது. 32 பிட் எக்ஸ்86 மரபில் ரெட் ஸோன் என்ற சங்கதியே கிடையாது (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்). பிறகு 64க்கு மாறியபோது கம்பைலர் பெயரை மாற்றினோம், அசெம்ப்ளியைத் திருத்தினோம், விருப்பங்கள் வரிசையை அப்படியே தூக்கி வந்துவிட்டோம். குடிமாறிய வீட்டில் பழைய பூட்டுக்குச் சாவி தேடியது போல.

சரி, போட்டான். மெயின் கோப்பில் திரையில் காட்டும் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டினான், மேக் அடித்தான், புதுக் கர்னலை ஏற்றினான். புதுப் பதிப்பு எண் திரையில் வந்தது. மறுநாள் மத்தியானம் வீடு கடலுக்குள் போனது. "இது இல்ல மாமா" என்றான். பயன் இல்லாததை எதற்கு வைத்திருப்பானேன் என்று விருப்பத்தை எடுத்தும் விட்டான். நோட்டில் 'ரெட் ஸோன்' என்று எழுதி அதன்மேல் கோடு போட்டோம்.

அந்தக் கோட்டின் விலை மூன்று வாரம்.

அடுத்து வந்த சந்தேகம் ஆப்டிமைசேஷன், அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள். எப்போதாவது மட்டும் வரும் பிழை என்றால் அதைக் கூட்டும் '-ஓ2' விருப்பத்தைத்தான் திட்டுவோம்; அது மென்பொருள்காரர்களின் உப்புக்காற்று. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஆப்டிமைசேஷனை அணைக்கும் '-ஓ0' வைத்து முழுக்கக் கட்டினோம். ஆப்டிமைசர் குற்றவாளி என்றால் பிழை ஓடிவிட வேண்டும். நடந்தது நேர் எதிர். இப்போது மணிக்கு இரண்டு மூன்று வரிகள் சரிபார்ப்பிலேயே விழத் தொடங்கின. உடனே மறுபடியும் கேபிளைப் பார்த்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருப்பம் வந்தது ஒரு சின்னச் சோதனையில். ஜிபிஎஸ்ஸிலிருந்து பிடித்து வைத்த ஐம்பது வரிகளைக் கர்னலுக்குள்ளேயே ஒரு அட்டவணையாக வைத்தோம். சீரியல் இல்லை, கேபிள் இல்லை, ஜிபிஎஸ்ஸே இல்லை. சரிபார்ப்பு ஃபங்ஷனை அந்த வரிகள்மேல் நிறுத்தாமல் சுற்றவிட்டோம், அதுவும் க்யூஇஎம்யு என்ற போலிக் கம்ப்யூட்டர் மென்பொருளில். சில நொடிகளில் பிழை வந்தது. கடல், காற்று, ஈயம் எல்லாம் ஒரே மூச்சில் விடுதலை. அடுத்து, டைமரை நொடிக்கு 100 துடிப்பிலிருந்து 1000 ஆக்கினோம். டைமர் சிப்பின் அடிப்படை வேகம் நொடிக்கு 11,93,182. வகு எண்ணை 11932லிருந்து 1193 ஆக்கினால் போதும். பிழைகள் ஏறத்தாழ பத்து மடங்காயின. டைமரை நிறுத்தியபோது ஒன்றுகூட இல்லை. ஆக, வேலை நடந்துகொண்டிருக்கும்போது இன்டரப்ட், அதாவது பிராசசரை இடைமறிக்கும் டைமரின் அழைப்பு, வந்து எதையோ அழிக்கிறது.

எதை அழிக்கிறது? சரிபார்ப்பு ஃபங்ஷனின் சுற்றுக்குள் ஒரு காவல் வைத்தோம்: வரி இருக்கும் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர், நினைவகத்தின் முதல் 1 எம்பிக்குள் விழுந்தால் அங்கேயே நின்றுவிடு. எங்கள் தரவு எதுவும் அந்தப் பகுதியில் இல்லை. பிழை தேடும் கருவியான ஜிடிபியை மாட்டி விட்டோம். நின்றது. பாயின்டரின் மதிப்பு, பதினாறடிமானத்தில், 287. சுற்று எண்ணியின் மதிப்பு 16. அதுவரை எக்ஸார் செய்து வந்த கூட்டுத்தொகை சுழியம்.

இந்த மூன்று எண்களும் சேர்ந்துதான் குற்றவாளியின் கைரேகை. 287ஐப் பிரித்துப் பாருங்கள். 200 என்பது 'இன்டரப்ட் அனுமதி உண்டு' என்ற கொடி. 80 குறிக் கொடி, 4 பாரிட்டி, 1 கேரி. 2 என்பது எப்போதும் ஒன்றாகவே இருக்கும் பிட். அதாவது இது முகவரியே இல்லை. பிராசசரின் கொடிப் பதிவேடு. எண்ணியில் இருந்த 16, பதினாறடிமானத்தில் 10, எங்கள் கர்னலின் டேட்டா செக்மென்ட் எண். பிராசசர் இன்டரப்ட்டுக்குப் போகும்போது, ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில் போட்டுவிட்டுப் போகும் பொருட்கள்தான் இவை. அவை எங்கள் மாறிகள் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ரெட் ஸோன் என்பது என்ன என்று இப்போது சொல்லலாம். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். அதன் நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் லினக்ஸ் முதலியவை பின்பற்றும் 64 பிட் மரபு, அதற்குக் கீழே 128 பைட்டை அந்த ஃபங்ஷனுக்கே ஒதுக்குகிறது. வேறு எந்த ஃபங்ஷனையும் அழைக்காத கடைசி ஃபங்ஷன், ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே அந்த 128 பைட்டில் தன் மாறிகளை வைத்துக்கொள்ளலாம். கழித்துக் கூட்டும் இரண்டு கட்டளைகள் மிச்சம். கரையில், அலை ஏறாது என்று நினைத்து ஈர மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நனைக்கப் போகிற மாதிரி.

சாதாரண நிரலுக்கு இதில் ஆபத்து இல்லை. அது ஓடும்போது இன்டரப்ட் வந்தால் பிராசசர் வேறு ஸ்டாக்குக்கு, கர்னலின் ஸ்டாக்குக்கு, மாறிவிடும். சிக்னல் வந்தாலும் லினக்ஸ் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் தன் சுமையை இறக்கும். அந்த அலை செருப்பைத் தொடாது. ஆனால் கர்னலே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் வந்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, ஸ்டாக் மாறுவதில்லை. பிராசசர் ஸ்டாக் பாயின்டரைப் 16இன் மடங்குக்கு இறக்கி, அங்கேயே ஐந்து பொருட்களை, எட்டெட்டு பைட்டாக 40 பைட்டு, தள்ளும்: ஸ்டாக் செக்மென்ட், ஸ்டாக் பாயின்டர், கொடிகள், கோட் செக்மென்ட், திரும்பி வர வேண்டிய முகவரி. ரெட் ஸோனுக்கு நேர் மேலேயே.

எங்கள் ஃபங்ஷனின் அசெம்ப்ளியை வைத்துக் கணக்குப் போட்டோம். கூட்டுத்தொகை, ஸ்டாக் பாயின்டர் நிற்கும் அடித்தளத்துக்கு ஒரு பைட் கீழே. எண்ணி 8 பைட் கீழே. பாயின்டர் 24 பைட் கீழே. ஸ்டாக் செக்மென்ட் விழும் எட்டு பைட்டில் அடியில் 16, மற்ற ஏழும் சுழியம்: எண்ணி 16 ஆனது, கூட்டுத்தொகை சுழியமானது. கொடிகள் விழும் இடம் சரியாக 24 பைட் கீழே: பாயின்டர் 287 ஆனது. நூல் பிடித்தாற்போல் மூன்றும் பொருந்தின. நினைவகத்தின் முதல் 1 கேபியில் பழைய பயாஸின் இன்டரப்ட் அட்டவணை கிடக்கும். அந்தப் பகுதியை நாங்கள் மேப் செய்து வைத்திருந்ததால், தவறான முகவரியைத் தொட்டால் வரும் பக்கப் பிழையும் வரவில்லை. கர்னல் விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். விழாமல், பயாஸ் அட்டவணையை ஜிபிஎஸ் வரி என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்தது.

'-ஓ0'வில் ஏன் பிழை கூடியது என்பதும் இத்தோடு விளங்கிவிடுகிறது. ஆப்டிமைசேஷன் இல்லாதபோது எங்கள் கம்பைலரான ஜிசிசி எல்லா மாறிகளையும் ஸ்டாக்கில் வைக்கும். கடைசி ஃபங்ஷன் என்றால் ரெட் ஸோனில். '-ஓ2'வில் அதே மாறிகள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் ரிஜிஸ்டருக்குப் போய்விடும், அலை எட்டாத இடம் அது. அப்போது ரெட் ஸோனில் மிஞ்சியது அட்சரேகையைப் பிரிக்கும் ஃபங்ஷனில் இருந்த சின்ன இலக்க வரிசை ஒன்றுதான். அது ஓடுவதே மிகக் குறைந்த நேரம். அதனால்தான் நாளுக்கு ஒரு தடவை. அந்த வரிசையில் சுழியங்கள் விழுந்தால் நிமிடமும் பாகையும் கரைந்து வீடு தெற்கே நகரும். எல்லாமே சுழியமானால் நிலநடுக்கோடு. இந்த வழக்கில் ஆப்டிமைசேஷன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

விருப்பத்தை மறுபடி போட்டு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கட்டினோம். 1000 துடிப்பில் இரவு முழுக்க ஓடியது. ஒரு பிழை இல்லை.

அப்போதுதான் பையன் கேட்டான்: "மாமா, இத நான் அன்னைக்கே போட்டேனே?"

போட்டது உண்மை. நல்லவேளை, அந்தப் பழைய கர்னல் ஒரு பென் டிரைவில் இருந்தது. பிழை தேட உதவும் டீபக் தகவலோடு கட்டியிருந்தோம். ஜிசிசி அந்தத் தகவலில் ஒவ்வொரு கோப்பையும் எந்த விருப்பங்களோடு கம்பைல் செய்தது என்பதையும் எழுதி வைக்கும். ரீட்எல்ஃப் என்ற கருவியை வைத்துத் திறந்து பார்த்தோம். மெயின் கோப்பின் குறிப்பில் '-எம்நோ-ரெட்-ஸோன்' இருந்தது. ஜிபிஎஸ் கோப்பின் குறிப்பில் இல்லை.

மேக் செய்கிற வேலை நாள் பார்ப்பதுதான். மூலக் கோப்பின் தேதி, அதைக் கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பின் தேதியைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய்யும், இல்லாவிட்டால் தொடாது. விருப்பம் மாறியதா என்று அதற்குத் தெரியாது. அன்றைக்கு மாறிய மூலக் கோப்பு பதிப்பு எண் இருந்த மெயின் மட்டும். அதை மட்டும் புது விருப்பத்தோடு கட்டி, பழைய ஜிபிஎஸ் ஆப்ஜெக்டை அப்படியே சேர்த்துக் கொடுத்துவிட்டது. திரையில் புதுப் பதிப்பு எண் தெரிந்ததால் எல்லாமே புதிது என்று நம்பினோம். நாங்கள் கோடு போட்டது சோதித்துப் பார்த்த மருந்தின் மேல் இல்லை. வாயில் போகாத மருந்தின் மேல்.

லினக்ஸ் கர்னலைக் கட்டியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். காரணம், லினக்ஸின் கட்டும் முறை ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பக்கத்தில் மறைவாக ஒரு கோப்பில் அதைக் கட்டிய முழுக் கட்டளையையும் எழுதி வைக்கும். அடுத்த தடவை கட்டளையில் ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி கட்டும். எங்கள் நாற்பது வரி மேக்ஃபைலில் அந்த வசதி இல்லை. இப்போது எளிதாக ஒன்று செய்திருக்கிறோம்: எல்லா ஆப்ஜெக்டும் மேக்ஃபைலையே சார்ந்தவை என்று ஒரு வரி. மேக்ஃபைலைத் தொட்டால் அனைத்தும் புதிதாகக் கட்டப்படும். சின்ன கர்னலுக்கு அதுவே போதும், பத்து நொடி வேலை.

கூடவே, கட்டி முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் கர்னலைப் பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்பின் குறிப்பிலும் அந்த விருப்பம் இருக்கிறதா, அசெம்ப்ளியில் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே எழுதும் கட்டளை எங்காவது உண்டா என்று தேடும். இருந்தால் கட்டுவதை நிறுத்திவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: கம்பைலரோடு வரும் லிப்ஜிசிசி நூலகம் நம் விருப்பத்தோடு கட்டப்பட்டது இல்லை. 64 பிட்டில் அதன் தேவை குறைவு, ஆனால் 128 பிட் வகுத்தல் எழுதினால் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும், ரெட் ஸோனோடு. அதையும் அந்த விருப்பத்தோடு தனியாகக் கட்டிக்கொள்வது நல்லது.

ஐஎஸ்டி என்ற வசதியை வைத்து இன்டரப்ட்டுக்குத் தனி ஸ்டாக் கொடுத்தாலும் இந்தப் பிழை போய்விடுமே என்று பையன் வாதாடினான். போகும். ஆனால் அதே இன்டரப்ட் தன்மேலேயே மறுபடி வந்தால் அந்தத் தனி ஸ்டாக் முதலிலிருந்து எழுதப்படும். 128 பைட் சிக்கனத்துக்காக அந்த வம்பு வேண்டாம்.

இந்தச் சாக்கில் மற்ற விருப்பங்களையும் தட்டிப் பார்த்தோம். இன்னொரு வெடிகுண்டு கிடைத்தது. ஜிசிசி 12 முதல் '-ஓ2'விலேயே, பல மதிப்புகளை ஒரே தடவையில் கையாளும் வெக்டர் கட்டளைகளை ஓரளவு பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 16 பைட் ஸ்ட்ரக்சரை நகலெடுக்கக்கூட அவற்றுக்கான எஸ்எஸ்இ ரிஜிஸ்டரை எடுக்கும். இன்டரப்ட் வந்தால் ஓடும் எங்கள் ஹேண்ட்லர் அந்த ரிஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்துவதில்லை. ஹேண்ட்லருக்குள் அப்படி ஒரு நகல் நடந்தால், வெளியே ஓடிக்கொண்டிருந்த வேலையின் மதிப்பு போய்விடும். ரெட் ஸோனின் உடன்பிறப்பு இது. பொது ரிஜிஸ்டர்களை மட்டும் பயன்படுத்து என்று சொல்லும் '-எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி' போட்டு மூடினோம். லினக்ஸும் எம்எம்எக்ஸ், எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் என்று ஒவ்வொன்றாக வேண்டாம் என்றுதான் தன் எக்ஸ்86 கர்னலைக் கட்டுகிறது. ரெட் ஸோன் வேண்டாம் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

மற்றவை முன்பே இருந்தன. நூலகம் இல்லாத சூழல் என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் விருப்பம், ஸ்டாக்கைக் காவல் காக்கும் ஸ்டாக் ப்ரொடெக்டர் வேண்டாம் என்பது, எந்த முகவரியிலும் ஓடும்படி கட்டும் பிஐஇ வேண்டாம் என்பது. கடைசி இரண்டும் உபுண்டு தரும் கம்பைலரில் தானாகவே இயங்கும். நம் கர்னலுக்கென்றே தனி கிராஸ் கம்பைலர் கட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கிராஸ் கம்பைலரும் ரெட் ஸோனைத் தானாக விட்டுவிடாது. விட்டுவிடச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். ஆர்ம் சிப்பில் இதே கர்னலை எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அந்த மரபில் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே எதையும் வைக்கக்கூடாது. மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்தச் சிப்பையே வாங்கியிருக்கலாம்ல" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைப் படகில் வைத்துப் பார்க்கலாமே என்றும் அவர் கேட்டார். மறுத்துவிட்டேன். இந்தக் கடலில் எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கிறது. ஒரு நொடி தவறான புள்ளி காட்டும் கருவியை நம்பி வடகடலில் யாரும் போகக்கூடாது. அது மாடியிலேயே இருக்கட்டும்.

ஜூன் 9 முதல் 14 வரை, ஜிபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கும் வரையில், நிறுத்தாமல் ஓடவிட்டோம். வீடு கடலுக்குள் போகவில்லை. ஆறு நாளில் இரண்டு வரிகள் மட்டும் சரிபார்ப்பில் விழுந்தன. இரண்டும் 13ஆம் தேதி இரவு. ஜிடிபி, அசெம்ப்ளி என்று பாதி இரவு உட்கார்ந்துவிட்டு, காலையில் கனெக்டரைக் கழற்றினோம். இரண்டாவது பின் பச்சை பூத்திருந்தது.